வளரக் கூடாத தட்டு

காலியாக இருக்க வேண்டிய தட்டில் நான்கு புள்ளிகள் இருந்தன.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருந்த அந்தத் தடுப்பு மருந்து ஆய்வுக்கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு யாரும் வருவதில்லை. குளிர்பெட்டியின் உறுமலும், கிருமித் திரவத்தின், கூழ் புளித்தது போன்ற பழகிய வாடையும்தான் கார்குழலிக்குத் துணை. கிருமி வளர்க்கும் அந்தத் தட்டில் அவள் தடவியிருந்தது தன் எச்சிலைத்தான். பன்னிரண்டு நாட்களுக்கு முன், உறிஞ்சும் ரப்பர் பல்பு கிழிந்திருந்ததால், கல்லூரிப் பழக்கத்தில் கண்ணாடிக் குழாயை வாயிலேயே வைத்து உறிஞ்சினாள். கிருமித் திரவம் ஒரு சொட்டு நாக்கில் பட்டுவிட்டது. துப்பினாள், கொப்பளித்தாள், யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒப்பந்த வேலை, சொன்னால் சீட்டுக் கிழிந்துவிடும்.

பயப்பட என்ன இருக்கிறது? அது நோய் தராதபடி பல்லைப் பிடுங்கிய கிருமி. இன்னொரு கிருமியின் புரதத்தை அதன் மேல் ஏற்றியிருந்தார்கள். குடித்தவர் உடம்பு அந்த இன்னொரு கிருமி தரும் நோயை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் கலந்து தரும் ஊட்டம் இல்லாவிட்டால் இந்தக் கிருமி மூன்றே நாளில் செத்துவிடும். இந்தத் தட்டில் அந்த ஊட்டம் இல்லை.

அடையாளத்துக்காக அந்தக் கிருமிக்குள் ஓர் ஒளிரும் புரதமும் இருந்தது. புற ஊதாக் கைவிளக்கைக் காட்டினாள். நான்கும் பச்சையாக ஒளிர்ந்தன. விளக்கை அணைத்ததும் அணைந்தன.

அவளுக்குத் தன்னைப் பற்றிக் கவலையில்லை. வீட்டில் மூன்று வயது துர்கா இருக்கிறாள். கஞ்சியை உதட்டில் வைத்துச் சூடு பார்த்த பிறகுதான் கார்குழலி அவளுக்கு ஊட்டுவாள். இந்தப் பன்னிரண்டு நாளும் அதே கரண்டி.

விளக்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் பிடித்தாள். சாரம் நிறுத்தத்தில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. தெருவில் கரண்ட் இல்லை. கணவன் வெற்றிவேல் வாசலில் விசிறிக்கொண்டிருந்தான்.

"பாப்பாவுக்கு ஒடம்பு எப்டி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கா. பக்கத்து வூட்டு வசந்தா அக்கா புள்ளைங்க வந்துருக்குதுங்க. உள்ள சோறாக்கி வெளையாடுதுங்க. கைக்கொழந்தையக்கூட தூக்கியாந்துட்டாளுங்க."

"இருட்டுலயா?"

"பயமில்லயாம். மெழுகுவத்தி வேணாம்னுட்டாளுங்க."

நடையில் கால் வைத்தாள். புளித்த கூழ் வாடை. இங்கே எப்படி?

உள்ளறையிலிருந்து கரண்டி கிண்ணத்தில் உரசும் ஓசை. பிறகு துர்காவின் குரல், அச்சு அசல் கார்குழலியின் குரலைப் போலவே கொஞ்சியது.

"ஆ காட்டு. சூடு இல்ல. நான் வாய் வச்சுப் பாத்துட்டேன்."

விளக்கை எடுக்கப் பைக்குள் கை விட்டாள்.

தேவைப்படவில்லை.

இருட்டில் வட்டமாக, பச்சையாக, ஐந்து சிறிய வாய்கள். ஆறாவது, எல்லாவற்றையும்விடச் சிறியது, தரையோடு தரையாகக் கிடந்து, தொண்டை வரை ஒளிர்ந்தபடி, அடுத்த கரண்டிக்காக மெல்லத் திறந்துகொண்டிருந்தது.