எலியேசரின் கத்தியில் ஏறிய நிறம்

"யாருங்க இந்தக் கத்தியத் தேய்ச்சது?"

ஷெரின் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். சாரலில் நனைந்த தலை, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, கோபத்தில் இன்னும் பெரிதாகிவிட்ட இரண்டு கண்கள்... கோபப்படாமல் இருந்தால் நல்ல கண்கள்தான் என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. சே!

"நான்தான் தேய்ச்சேன். அதுக்கென்ன?"

அய்யனார் கோவில் சாலையில் ஒரு மாந்தோப்பு. தகரக் கொட்டகைக்குள் நீள மேஜை. வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் ஐந்து கத்திகள். 'ராஜபாளையம் பேனாக்கத்தி நண்பர்கள்' என்று பெயர் வைத்துக்கொண்டு, கத்தி சேர்ப்பதையே பைத்தியமாகக் கொண்ட இருபது பேர். வருடம் ஒருமுறை மாங்காய்க் காலத்தில் கூடி, இறந்துபோன நண்பர்களின் பெயரை வாசிப்பார்கள். வாசித்ததும் அந்த வீட்டு ஆள் வந்து, போனவரின் கத்தியாலேயே ஒரு மாங்காயை நறுக்கி எல்லோருக்கும் துண்டு கொடுக்க வேண்டும். மாலை கிடையாது, பேச்சு கிடையாது. அந்தத் துண்டைத் தின்பதுதான் அஞ்சலி.

இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பெயர் எலியேசர். ஷெரினின் அப்பா. மில் ஃபிட்டர். பிப்ரவரியில் நெஞ்சு வலி என்றார், ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்னே போய்விட்டார்.

அப்பாவின் நண்பர்கள் முன்னால் அப்பாவின் கத்தி அழுக்காக இருக்கலாமா? மூன்று நாள் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரிப் பளபளக்க வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

கேள்வி கேட்ட காளிராஜ் கத்தியை மேஜையில் வைத்தான். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். கீழே வைத்தும் வந்தது.

"அந்தக் கருப்பு அழுக்கு இல்லீங்க! இருவது வருசமா மாங்காச் சாறு பட்டுப் பட்டு ஏறுன நெறம். அண்ணாச்சி வெட்டுன அம்புட்டும் அதுலதான் இருந்துச்சு. இப்ப இது கடையில வாங்குன புதுக் கத்தி மாதிரி இருக்கு."

ஷெரின் கத்தியைப் பார்த்தாள். அதில் அவள் முகம்தான் தெரிந்தது. அப்பா எங்குமில்லை. தன் கையாலேயே அவரைக் கழுவி ஊற்றிவிட்டோமா...?

பெயர் வாசிக்கும் வரை அவள் நிற்கவில்லை. கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு மழையோடு மழையாக ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். அப்பாவின் பெயருக்கு மட்டும் அன்று மாங்காய் நறுக்கப்படவில்லை. பஸ் ஜன்னலில் சாய்ந்து அழுதபோது அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

நான்காம் நாள், தேரடி பக்கத்தில் அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு ஒருவன் வந்தான்.

"கண்ணு டெஸ்ட் பண்ணணும்."

அவனேதான்! முகத்தை இறுக்கிக்கொண்டாள் ஷெரின்.

"உக்காருங்க. தாடைய இதுல வைங்க. அசையாதீங்க."

மெஷினுக்குள் அந்தக் கண்கள் பெரிதாக வந்து நின்றன. தூங்காத கண்கள். ஓரத்தில் லேசாக ஈரம்...

"பார்வை நல்லாத்தான் இருக்கு. பொறவு எதுக்கு வந்தீங்க?"

"மன்னிப்புக் கேக்க."

"இருவது பேருக்கு முன்னால திட்டிட்டு, இங்க யாருமில்லாதப்ப மன்னிப்பா?"

"அன்னைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், தப்பு என்மேலன்னு." தலையைக் குனிந்துகொண்டான். "அந்த அஞ்சு கத்தியில ஒண்ணு எங்கப்பாவோடது. அவிய போனப்ப நானும் இதத்தாங்க பண்ணேன். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். அன்னைக்கு உங்களத் திட்டல... என்னையத்தான் திட்டுனேன்."

ஷெரின் நாலு நாளாகப் பிடித்து வைத்திருந்த வீம்பு, நின்ற இடத்திலேயே கரைந்துவிட்டது.

"அந்த நெறம் திரும்ப வந்துச்சா?"

"அப்பா நெறம் வரல. தினமும் வெட்ட வெட்ட வேற நெறம் வந்துச்சு. என் கை நெறம். அதுவும் பரவால்லன்னு தோணிருச்சு."

பையிலிருந்து ஒரு சப்பட்டை மாங்காயை எடுத்து மேஜையில் வைத்தான். வெளியே மழை வலுத்தது. ஷெரின் கைப்பையைத் திறந்தாள். நாலு நாளாகக் கத்தி அதில்தான் இருந்தது.

"பேரை நீங்க வாசிங்க," என்றாள்.

"எலியேசர்," என்றான் காளிராஜ், மெதுவாக.

அவள் நறுக்கினாள். ஆளுக்கொரு துண்டு. பல் கூசும் புளிப்பு. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. செத்த நேரம் கழித்துப் பார்த்தால், பளபளத்த தகட்டில் நீலமாக ஒரு கறை படிந்திருந்தது.

"இது முழுசும் ஏற எம்புட்டு நாளாகும்?"

"தினம் ஒண்ணு வெட்டுனா... நாலஞ்சு வருசம். மாங்கா நான் கொண்டு வாரேன்."

வந்தான். மில் ஷிப்ட் முடிந்து, மழையோ வெயிலோ, பைக்கில் வந்தான். ஒரு காய் வைப்பான், இரண்டு வார்த்தை பேசுவான், போவான். அவன் வரும் நேரத்துக்குக் கால்மணி முன்பே ஷெரினின் கண் வாசலுக்குப் போய்விடும். கடை முதலாளியம்மா ஏசம்மாள், "ஏட்டி, கண்ணாடியத் தொடைக்கியா, தெருவத் தொடைக்கியா?" என்று சிரிப்பார்.

ஆகஸ்டில் ஒருநாள் வெறுங்கையோடு வந்து நின்றான்.

"காய் முடிஞ்சிருச்சு. சோழபுரம் வரைக்கும் தேடிட்டேன். எந்தத் தோப்புலயும் இல்ல."

"அப்ப எதுக்கு இம்புட்டு மழையில வந்தீங்க?"

காளிராஜுக்குக் காதோரம் சிவந்தது.

"காய் இல்லாட்டியும் வரலாமான்னு கேக்க. நான் உங்களப் பாக்கத்தாங்க வந்தேன். முதல் நாள் மன்னிப்புக் கேக்க வந்தேன்... மத்த நாளெல்லாம் உங்களப் பாக்க மட்டும்தான்."

"ஆமா, நான் மட்டும் புளிப்புக்காகவா வாசலப் பாத்துக்கிட்டு இருந்தேன்?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான். அவன் கண்களை இப்போது மெஷின் இல்லாமலே பார்த்தாள்.

"அடுத்த வருசம் எங்கப்பா பேரை வாசிக்கையில, நீங்க மேஜைக்கு அந்தப் பக்கம் நிக்கக் கூடாது."

"பொறவு?"

"வீட்டு ஆளுதான நறுக்கணும்..." குரல் அவளுக்கே கேட்காத அளவு இறங்கியது. "எங்க வீட்டு ஆளா எம்பக்கத்துல நில்லுங்க."