ஏழாவது தந்தி

வெள்ளத்தில் பழைய வீடு போனபின், வாசுகியும் மகள் லோஷினியும் சிகாமட் ஊரில் இந்த வாடகை வீட்டுக்கு ஒரு மத்தியானம் வந்து சேர்ந்தார்கள். கூடம் முழுக்க ஈரச் சுண்ணாம்பு வாடை. சுவரில் ஒரே ஒரு படம் மாட்டியிருந்தது: கறுப்பு மையில் வரைந்த பழைய வீணை. சட்டம் உண்டு, கண்ணாடி இல்லை.

"அத மட்டும் எடுக்காதம்மா. அங்கயே இருக்கட்டும்," என்றார் பக்கத்து வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரம்மா வெள்ளையம்மா. ஏன் என்று வாசுகி கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

லோஷினிக்கு ஏழு வயது. வாய் ஓயாது. தூக்கத்தில்கூடப் பேசுவாள். எல்லாவற்றையும் ஆற்றில் விட்டுவிட்டு வந்த வாசுகிக்கு அந்தச் சளசளப்பு ஒன்றுதான் மிச்சம்.

சரஸ்வதி பூசை வந்தது. பாடப்புத்தகங்களோடு வைக்க ஒரு வாத்தியம் வேண்டுமே என்று வாசுகி அந்தப் படத்தைக் கழற்றினாள். வீணைக்குத் தந்தி ஏழு. எண்ணினால் ஆறுதான் இருந்தது. ஏழாவது இருக்க வேண்டிய இடத்தில் காகிதம் சொரசொரத்தது.

"குறையுள்ளத சாமி முன்னால வைக்கக் கூடாதுலா," என்று சொல்லிக்கொண்டே, மகளின் ரூலரை வைத்துக் கறுப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள். பொட்டு வைத்தாள். கற்பூரம் காட்டினாள்.

எங்கோ ஒரு தந்தி அதிர்ந்தது.

லோஷினி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"அம்மா!"

குரல் லோஷினியுடையதுதான். ஆனால் காகிதத்திலிருந்து வந்தது.

 வாசுகி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினாள். தொண்டையில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். திரும்பி வந்து வெள்ளையம்மா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"கோடு போட்டுட்டியா?" கிழவியின் குரல் இறங்கியது. "எம்மவன் ராஜசேகரன் குரலும் இப்படித்தான் போச்சு. நான் பிளேடால ஒரு தந்தியச் சுரண்டினேன். படம் அடங்கிருச்சு. ஆனா அவன் இருவது வருசமாப் பேசல. உள்ள அவன் குரல் இருக்குமேன்னுதான் எரிக்க மனசு வரல."

"பெறகு ஏன் எங்களக் குடி வெச்சீங்க?"

"புள்ள சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சும்மா."

வாசுகி பிளேடோடு படத்தின் முன் உட்கார்ந்தாள்.

"வேணாம்மா. வலிக்கும்மா," என்றது காகிதம்.

பிளேடைக் கீழே போட்டாள். அழுது தீர்த்தாள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் லோஷினியை மடியில் வைத்துக்கொண்டு படத்தின் முன் உட்காருவாள். பசிக்குது, தூக்கம் வருது என்று காகிதம் பேசும். மடியில் பிள்ளை மூச்சு மட்டும் விடும். குரலாவது இருக்கிறதே என்று வாசுகி மனதைத் தேற்றிக்கொள்வாள்.

நேற்று அது அம்மா என்று கூப்பிடவில்லை. பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பிள்ளையல்ல லோஷினி.

"வாசுகி," என்றது அதே மழலைக் குரல், "புள்ளைய இன்னும் கிட்டக் கொண்டா."