இடது காதில் வந்த புது ஆல்பம்

மூன்று வருஷமாகச் செத்துக் கிடந்த இடது காதில், வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, யாரோ எதையோ மென்றுகொண்டிருந்தார்கள்.

அந்தக் காதுக்குச் சொந்தக்காரனுக்குத் தெருவில் பெயர் 'சத்தம்'. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அது கரண்ட் பில்லோடு சரி. கார் ஷெட்டிலும் மொட்டை மாடியிலும் நாலு பேர் கூடி, கிட்டாரை முன்ஜென்மப் பகைபோல் அடித்து, தாங்களே பதிவு செய்து, தாங்களே உறையில் ஒட்டி அனுப்புகிற பங்க் ராக் பாட்டுக் கேசட்டுகளைத் தேடிக் கேட்டு, வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் 'இந்த வாரப் புது வரவு' என்று எழுதுவது அவன் உத்தியோகம். அதை உத்தியோகம் என்று சொல்கிறவனும் அவன் ஒருவன்தான். வீட்டில் உலை வைப்பது அக்காவின் தையல் மிஷின்.

இருபது வருஷம் ஸ்பீக்கர் பெட்டிமேல் இடது தோளைச் சாய்த்து நின்றதில் அந்தப் பக்கக் காது போய்விட்டது. "மிச்சமிருக்கிறதையாவது காப்பாத்திக்கோங்க. அதுவும் போனப்புறம் வந்தா நான் திட்டுறதுகூட உங்களுக்குக் கேக்காது" என்று சொல்லி, தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார் காது டாக்டர். விஷயம் அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒற்றைக் காதோடு ஊரான் பாட்டுக்கு மார்க் போடுகிறான் என்று வெளியே தெரிந்தால் கடையைக் கட்ட வேண்டியதுதான். அந்த வலது காதுதான் அவனுக்குச் சொத்து, மரியாதை, மூச்சு.

ஆகவே இடது காது முழித்துக்கொண்டதில் முதலில் அவனுக்குச் சந்தோஷம்தான். கடிகாரத்தைக் கழற்றி அந்தக் காதில் வைத்துப் பார்த்தான். டிக் டிக் கேட்கவில்லை. மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் வெளியிலிருந்து வருவதாக இல்லை.

காலையில் வந்த பார்சல்தான் நினைவுக்கு வந்தது. அனுப்பியவர் முகவரி இல்லை. உள்ளே ஒரு கேசட், அதன் லேபிளில் பழுப்பு நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. பெட்டியைத் திறந்தபோது, பல்செட்டைப் போட்டு ஒரு வாரம் மறந்துபோன தண்ணீரின் நாற்றம். இவனுக்கா அருவருப்பு? நாற்றமடிக்கிற பேண்டு நல்ல பேண்டு என்று எழுதியே பேர் வாங்கியவன். போட்டுக் கேட்டான். கிட்டாரில் மாற்றி மாற்றி மூன்றே கார்டு, தகரத்தை உதைப்பதுபோல் டிரம்ஸ், பின்னால் யாரோ வாயைத் திறந்துவைத்துக்கொண்டு தின்கிற சத்தம். இணையத்தில் இதே வேலை பார்க்கிற எதிர்முகாம் தாடிக்காரன் முந்திக்கொள்வதற்குள் எழுதிவிட வேண்டும் என்று, முதல் பாட்டு முடிவதற்குள் எழுதிப் போட்டான்: 'இப்படி ஒரு அழுக்கை இந்த வருஷம் கேட்கவில்லை. இன்னும் வேண்டும்.'

பிறகு டேப் ரெக்கார்டரைத் துடைத்தான். பழைய கேசட் ஓடினால், நாடா உரசுகிற ஹெட்டில் பழுப்பாகப் பொடி படிவது வழக்கம். இது பொடியாக இல்லை. கூழாக, இழுத்தால் நூல் விடுகிற மாதிரி இருந்தது. பஞ்சுக் குச்சியின் ஒரு முனையை ஸ்பிரிட்டில் நனைத்து ஹெட்டைத் துடைப்பான், மறு முனையால் காதைக் குடைவான். குச்சியின் இரண்டு பக்கமும் பஞ்சு இருக்கும்போது ஒன்றை வீணாக்குவானேன் என்கிற சிக்கனம். அக்கா நூறு முறை திட்டியிருக்கிறாள். இன்றைக்கு நடுவில் போன் அடித்தது. குச்சியைக் கீழே வைத்தான், பேசினான், எடுத்தான். இடது காதைக் குடைந்தான்.

எந்த முனை?

எழுந்துபோய்க் கேசட்டை வெளியே எடுத்தான். சுருளில் பழுப்பே இல்லை. பாம்புச் சட்டை போல வெள்ளையாய், கண்ணாடியாய், காய்ந்து கிடந்தது நாடா. அதிலிருந்ததெல்லாம் உரிந்து வேறெங்கோ போயிருந்தது.

மெல்லுகிற சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. எதையோ விழுங்குகிற சத்தம். பிறகு மறுபடி.

அக்கா டீயோடு வந்தாள். வழக்கம்போல் அவன் வலது பக்கம் வந்து நின்றாள்.

"என்னடா இது, எலி செத்த நாத்தம்? உன் சங்கீதமா?"

"அக்கா, இந்தக் காதுல ஏதாவது தெரியுதா பாரேன்."

"மறுபடியும் அந்த ஹெட் துடைக்கிற குச்சியால குடைஞ்சியா? சொன்னா கேக்கணும். எங்க, கேக்கிறதுக்குத்தான் காது இல்லையே." கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, போன் விளக்கைக் காதில் அடித்தாள். காது மடலை இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். "உள்ள ஒண்ணும் இல்லடா. ஒரேயடியா ஒண்ணுமே இல்ல. வழிச்செடுத்த பாத்திரம் மாதிரி இருக்கு. ரத்தம்கூட இல்ல."

அப்படியென்றால் அது அங்கே இல்லை.

சத்தம் நகர்ந்திருந்தது. இப்போது மூக்குக்குப் பின்னால். தொண்டையின் மேல்கூரையில் வெதுவெதுப்பாய் ஏதோ வழிந்தது. துருவும் ஊத்தைப் பல்லும் கலந்த ருசி. எச்சிலை விழுங்கினால் அதையும் சேர்த்து விழுங்க வேண்டும். விழுங்காமல் வாய் நிறைய வைத்துக்கொண்டு நின்றான். கண்ணில் நீர் முட்டியது. குமட்டி, டீ டம்ளரிலேயே துப்பினான். பழுப்பாய் நூல் விட்டது. நூலின் மறுமுனை தொண்டைக்குள் இருந்தது. அது மெல்லப் பின்வாங்கி உள்ளே போனது.

"ஐயோ, வாடா டாக்டர்கிட்ட. நான் செருப்பைப் போட்டுட்டு..."

அவள் குரல் பாதியில் தணிந்தது. யாரோ வால்யூமைக் குறைக்கிற மாதிரி. தெருவில் போன ஆட்டோ, தலைக்கு மேல் ஃபேன், எல்லாம் கம்பளிக்குப் பின்னால் போயின. மெல்லுகிற சத்தம் மட்டும் தெளிவாய் இருந்தது. வலது பக்கத்தில்.

"வேண்டாம்" என்றான். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. "அது வேண்டாம். அது ஒண்ணுதான் இருக்கு."

சொன்னது அவனுக்கே பாதிதான் கேட்டது.

வலது சுண்டுவிரலை வலது காதுக்குள் செருகினான். அடைத்துவிட்டால் போதும், மேலே வர விடாமல் அடைத்துவிட்டால் போதும். விரல் போனது. முதல் கணு வரை. காதில் அவ்வளவு இடம் கிடையாது.

ஈரம்.

விரல் நுனியை ஏதோ நக்கியது. நிதானமாக, ருசி பார்க்கிற மாதிரி, நகத்தின் ஓரம் ஓரமாக.

இழுத்தான். வரவில்லை. மெத்தென்று கவ்வியிருந்தது. அக்காவின் வாய் பெரிதாய்த் திறந்து மூடுவது தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒரு காலைச் சுவரில் ஊன்றி, அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

வந்தது. விரல் வந்தது.

நகம் வரவில்லை.

அக்கா அந்தக் காதைப் படம் எடுத்து, போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். படத்தில் அவன் காது. நடுவில், துளை இருந்த இடத்தில், பழுப்பாய் நனைந்த இரண்டு சின்ன உதடுகள். அவற்றுக்கு நடுவில் பால் பற்கள் மாதிரி ஒரு வரிசை. பற்களுக்கு இடையில், பாதி மென்ற நிலையில், அவன் நகம்.