பன்னிரண்டாவது கண்ணாடி

பொட்டு கண்ணாடிக்கு வெளியே இல்லை. உள்ளே இருந்தது.

ஐயாவு முதலில் அதை ஏதோ அழுக்கு என்றுதான் நினைத்தார். ஈப்போ ஸ்டேசன் வராந்தாவில் முந்தின நாள் மாலை அவரே மாட்டிய பன்னிரண்டு படங்களில் அது மூன்றாவது. கித்தாக் காடு, வரிசை வரிசையாக ரப்பர் மரங்கள், சிரித்த முகத்தோடு பால் வெட்டும் பெண்கள். தோள் துண்டை எச்சில் தொட்டுத் தேய்த்தார், போகவில்லை. நகத்தால் சுரண்டினார், நகம் வழுக்கியது. மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டே போய் அண்ணாந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே, ஒரு காகிதம்கூட நுழையத் திணறும் இடுக்கில், விரல் நுனி அளவுக்கு மஞ்சளாக ஒரு வட்டம், இன்னும் காயாமல் ஈரமாக இருந்தது. பின்பலகைக்கு ஆணி அடித்து, மரவள்ளி மாவுப் பசையில் பழுப்புக் காகிதம் ஒட்டி மூடியவர் அவர்தான். அதற்குள் எறும்பு போக வழி கிடையாது.

சந்தன வாசனை அடித்தது. ஈப்போவில் சந்தனத்தைக் கண்ணால் பார்த்தே ஒரு வருசம் ஆகியிருந்தது. கோயிலிலேயே வெறும் மஞ்சள் தண்ணீர்தான்.

ஸ்டேசன் கடிகாரம் எட்டு என்றது. ஜப்பான்காரன் வந்ததும் ஊர்க் கடிகாரங்களையெல்லாம் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டான். சூரியனைத்தான் திருப்ப முடியவில்லை. எட்டு மணிக்கும் வராந்தா அரை இருட்டில் கிடந்தது.

"என்னாண்ணே, விடிஞ்சும் விடியாம வந்து நிக்கிறீங்க?"

ஸ்டேசன் பெருக்கும் சன்னாசி, துடைப்பத்தைத் தோளில் சாய்த்தபடி வந்தான். வந்தவன் படத்துக்கு நேரே நின்று வாயைப் பிளந்து பார்த்தான். "பாருங்கண்ணே, ஒருத்தி முகத்துலயாவது பசி தெரியுதா? இது எந்தத் தோட்டம்னு சொல்லுங்க, நான் குடும்பத்தோட போயிடுறேன்."

சன்னாசியின் முகம் கண்ணாடியில் விழுந்தது. அந்த மஞ்சள் வட்டம் அவன் இரண்டு புருவத்துக்கும் நடுவில், அளந்து வைத்த மாதிரி உட்கார்ந்தது.

ஐயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடேய், மாப்பிள்ளை கணக்கா இருக்கேடா!" என்றார்.

சிரித்த வாய் மூடுவதற்குள் அந்தக் கண்ணாடி எங்கிருந்து வந்தது என்பது நினைவுக்கு வந்தது.

ஐயாவுக்கு லகாட் ரோட்டில் சாமிப் படக் கடை. படத்துக்குச் சட்டம் போடுவது, கண்ணாடி வெட்டுவது, இதுதான் பிழைப்பு. ஜப்பான் சக்கரவர்த்தி பிறந்த நாளைக்கு ஸ்டேசன் வராந்தாவில் சித்திரக் காட்சி வைக்க வேண்டும் என்று ராணுவ அதிகாரி ஒருவருக்குத் தோன்றியது. பேராக் மாநிலத்தில் உள்ள ஓவியர்களைப் பிடித்து வரையச் சொன்னார்கள். பாகான் செராய் வயல், சித்தியவான் மீன் படகு, தைப்பிங் மழை, எல்லாம் சந்தோசமாக இருக்க வேண்டும். சட்டம் போடும் வேலை ஐயாவு தலையில் விழுந்தது. கண்ணாடி இல்லாமல் ஒரு படம் தொங்கினாலும் கடைக்காரன் தலை தொங்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஊரில் கண்ணாடி ஏது? குண்டு விழுந்த நாளிலேயே பாதி போயிற்று; மீதியை ராணுவம் அள்ளிக்கொண்டு போயிற்று.

ஆனால் அவர் கடைப் பின்னறையில் பதினொரு படங்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. செத்துப்போனவர்களின் படங்கள். சட்டம் மாற்றக் கொடுத்த குடும்பங்கள் சண்டை வந்ததும் எங்கெங்கோ ஓடிவிட்டன. ஒவ்வொரு கண்ணாடியிலும் நெற்றிக்கு நேராகச் சந்தனமும் குங்குமமும் தினமும் வைத்து வைத்துக் கறை ஏறியிருந்தது. மூன்றாவது கண்ணாடி தோட்டத்துக் கங்காணி இராமசாமியுடையது. தலைப்பாகையும் மீசையுமாக அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐயாவு கண்ணாடியை உருவினார். "மன்னிச்சுக்குங்க கங்காணி" என்று வாய்விட்டுச் சொன்னார். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கறையைப் போக்கினார். வேறு என்ன செய்வது? வீட்டில் பத்து வயசுப் பிள்ளை இருக்கிறது.

பதினொன்றுதான் கிடைத்தது. தேவையோ பன்னிரண்டு.

பன்னிரண்டாவதை வீட்டுச் சுவரிலிருந்து எடுத்தார். அது அவர் மனைவி முத்தம்மாவின் படம். போன வருசம் காய்ச்சலில், கொயினா மாத்திரை கிடைக்காமல் போய்ச் சேர்ந்தவள்.

"அப்பா, அம்மாவுக்குக் குளிராதா?" என்று மகள் சாலா கேட்டாள்.

"படத்துக்கு என்னம்மா குளிரு?"

"பொட்டு எதுல வைக்கிறது?"

"கொஞ்ச நாளைக்கு வேணாம்மா. காகிதம் ஈரமாயிடும்."

சாலா தன் நெற்றியைத் தானே தடவிக்கொண்டு உள்ளே போனாள். முத்தம்மா இருந்தவரை வெள்ளிக்கிழமை தவறாது. பிள்ளைக்குத் தலை முழுக்காட்டி, இடது கையால் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, மோதிர விரலால் சந்தனம் வைப்பாள். சாலா கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தூக்கிக் காட்டுவாள். கல்யாணத்துக்கு முன் தோட்டத்தில் பால் வெட்டியவள் முத்தம்மா. அந்த மோதிர விரல் நகம் உளி பட்டு நடுவில் பிளந்திருக்கும். பார்த்துப் பார்த்து ஐயாவுக்கு அந்த நகம் மனப்பாடம்.

சன்னாசி படம் பார்த்த மறுநாள், ஸ்டேசன் ஓரத்தில் காப்பிக் கடை போட்டிருக்கும் ஜஹாங்கீர் அவரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"சன்னாசி போயிட்டான்லா."

"எங்க?"

"எங்கன்னா? போயிட்டான். ராத்திரி படுத்தவன் எந்திரிக்கல. காய்ச்சல் இல்ல, அடி இல்ல, ஒண்ணும் இல்ல. நெத்தியில மட்டும் சந்தனம் ஈரமா இருந்துச்சாம். யாரும் வைக்கலேன்னு அவன் பொஞ்சாதி சத்தியம் பண்ணுது. இப்ப யாருகிட்ட இருக்கு சந்தனம்?"

ஐயாவு ஜஹாங்கீர் நீட்டிய காப்பியை வாங்கினார், குடிக்கவில்லை.

காவல்காரச் சிப்பாய்க்குக் குனிந்து வணங்கி, படம் கோணலாக இருக்கிறது என்று கையைக் காட்டி, கித்தாக் காட்டைக் கழற்றினார். காகிதத்தைக் கிழித்து, ஆணியைப் பிடுங்கி, கண்ணாடியை எடுத்துத் தேய்த்தார். சந்தனம் துண்டில் வந்தது. திரும்ப மூடி மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது ஐந்தாவது படத்தில் ஒன்று இருந்தது. எட்டாவதில் ஒன்று. மூன்றாவதைத் திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. பார்த்தார்.

இருந்தது.

அப்போதுதான் கிராணி சாத்தப்பன் வந்தார். அதிகாரிக்கு எழுத்து வேலை பார்த்து, மொழிபெயர்த்துச் சொல்லும் தமிழர். நல்ல மனுசர், பயந்த மனுசர். ஓவியர்கள் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகச் சரிபார்த்து வந்தவர் ஐந்தாவதன் முன்னால் நின்றார்.

"கிராணி ஐயா, அங்க நிக்காதீங்க!"

"ஏன்?" என்று அவர் தலையைத் தூக்கினார். தூக்கியதுதான் தப்பு. கண்ணாடியில் அவர் நெற்றி பொட்டுக்குள் போய்ச் சேர்ந்தது.

"ஒண்ணுமில்ல. வெயிலு…"

"வெயிலா? வராந்தாவிலயா?" சாத்தப்பன் சிரித்தார். "நல்ல சேதி ஒண்ணு இருக்கு, கேளுங்க. வெள்ளிக்கிழமை காலையில தெறப்பு. படத்துக்கெல்லாம் வெள்ளைத் துணி போட்டு மூடணும். ஜப்பான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பன்னெண்டு பேரு, ஆளுக்கொரு படமா துணிய இழுக்கும். உங்க சாலா பேரும் இருக்கு. ஜஹாங்கீர் மக நஸீராவும் இருக்கு."

"ஐயா, எம் பொண்ணு வேணாம். அதுக்கு ஒடம்பு சரியில்ல."

"பட்டியல் மேல போயிருச்சு, ஐயாவு. வராத பிள்ளைய வீட்டுக்கு வந்து தேடுவாங்க. தேடுறவங்க சும்மா தேட மாட்டாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "சாயங்காலம் ஆபீஸுக்கு வாங்க. ஏதாவது பேசிப் பார்க்கலாம்."

சாயங்காலம் ஐயாவு போனார். ஆபீஸ் வாசலில் கூட்டம். சாத்தப்பன் நாற்காலியிலேயே இருந்தார், கையில் பேனாவோடு, தலை பின்னால் சாய்ந்து. விளக்கு வெளிச்சத்தில் அவர் நெற்றி மினுமினுத்தது.

அன்றிரவு ஐயாவு தூங்கவில்லை. சாலா பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்; மூச்சு வருகிறதா என்று அடிக்கடி மூக்கருகே கை வைத்துப் பார்த்தார். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் தான் நின்ற நிலையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். பொட்டுகள் அவர் நெற்றிக்கும் மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தன. சன்னாசி நெட்டையன். சாத்தப்பன் நெட்டை. குட்டை ஆளான தனக்கு ஒன்றும் ஆகவில்லையே! பிள்ளைகள் மார்பு உயரம். எட்டவே எட்டாது. துணியின் கீழ் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டு வந்துவிடுவார்கள்.

இன்னொன்றும் தோன்றியது. பன்னிரண்டாவது கண்ணாடியில் பொட்டே வரவில்லை. மூன்று நாளும் பார்த்தார். வியாழன் மாலைக்குள் பதினொன்றிலும் வந்துவிட்டது. தைப்பிங் மழை மட்டும் சுத்தமாக இருந்தது. முத்தம்மா யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டாள். இருந்தபோதும் நினைத்ததில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சட்டத்தை மட்டும் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றார்.

துணி போடும்போது ஜஹாங்கீர் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். "மொகமே சரியில்லையே அண்ணே. என்னா விசயம்?"

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் ஜஹாங்கீர் சும்மா இருக்க மாட்டார், சத்தம் போடுவார், சிப்பாய் வருவான், கண்ணாடி எங்கே திருடினாய் என்று கேட்பான். சாலாவுக்கு யார் இருக்கிறார்கள்?

"ஒண்ணுமில்ல ஜஹாங்கீர். தூக்கமில்ல."

வெள்ளிக்கிழமை. வராந்தா முழுக்கக் கொடி. அதிகாரிகள் வரிசையாக நாற்காலியில். வெள்ளைச் சட்டை போட்ட பன்னிரண்டு பிள்ளைகள், எண்ணெய் வைத்து வாரிய தலையோடு. சுவரில் பன்னிரண்டு வெள்ளைத் துணிகள் காற்றில்லாமலே லேசாக அசைந்தன. ஐயாவு ஏணிப் பக்கம் நின்றார். படம் மாட்டியவன் என்பதால் கிட்டே நிற்க அனுமதி.

அதிகாரி பிள்ளைகளைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். புது மொழிபெயர்ப்பாளனிடம் ஏதோ சொன்னார்.

"பிள்ளைங்களுக்கு எட்டலையாம். பெஞ்சு கொண்டாரச் சொல்றாரு."

ஐயாவு அந்த ஒரு சாண் உயரத்தை மனதுக்குள் மறுபடி அளந்தார்.

நீள பெஞ்சுகளை இழுத்து வந்தார்கள். கல் தரையில் மரக்கால் கிரீச்சிட்ட சத்தம் பல்லைக் கூசவைத்தது. பிள்ளைகள் ஏறினார்கள். மார்பு உயரம் இருந்த தலைகள் இப்போது ஆள் உயரத்துக்கு வந்தன. சாலா மூன்றாவது படத்தின் முன்னால் நின்றாள். கங்காணி இராமசாமியின் கண்ணாடி.

கால் தானாக ஓடியது. குனிந்தார், வணங்கினார், பெஞ்சை நேராக்குவது போல் ஒரு சாக்கு. சாலாவின் இடுப்பைப் பிடித்துத் தூக்கி, கடைசிக்குக் கொண்டுபோனார். அங்கே நஸீரா நின்றிருந்தாள்.

"நீ அங்க போம்மா, மூணாவதுக்கு."

"ஏன் மாமா?"

"போம்மா."

நஸீரா சமர்த்தாக இறங்கிப் போனாள். கூட்டத்திலிருந்து ஜஹாங்கீர் மகளைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினார். ஐயாவு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"சாலா, இது அம்மா கண்ணாடி" என்று மகள் காதில் சொன்னார். "பயப்படாத. அம்மா இருக்கா."

சாலாவின் முகம் மலர்ந்தது. "நெசமாவாப்பா?"

விசில் ஊதியது. பன்னிரண்டு துணிகளும் ஒன்றாக விழுந்தன.

சந்தன வாசனை. மூச்சு முட்டும் அளவுக்கு. யாரோ கூட்டத்தில் இருமினார்கள். பதினொரு கண்ணாடிகளில் பதினொரு குழந்தை முகங்கள்; பதினொரு நெற்றியிலும் பொட்டு. ஐயாவு அவற்றை எண்ணவில்லை. கண்ணை மழைப் படத்திலிருந்து எடுக்கவில்லை. கருத்த வானம். அதில் சாலாவின் முகம் தெளிவாகத் தெரிந்தது. நெற்றி சுத்தமாக இருந்தது.

அப்பாடா என்று நெஞ்சில் கை வைத்தார்.

அப்போது மழைக்குள்ளிருந்து ஏதோ முன்னால் வந்தது.

படத்தில் வரைந்தது இல்லை. வெளியே யாரும் கை நீட்டவில்லை. கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே, அந்த இடமில்லாத இடத்தில், ஒரு விரல். நுனியில் குழைத்த சந்தனம். மெதுவாக வந்தது. கண்ணாடியின் உட்புறத்தில் பட்டது. அழுந்தியது. அழுந்திய இடத்தில் சதை வெளுத்தது.

நகம் நடுவில் பிளந்திருந்தது.

"சாலா!"

கத்தினாரா என்று தெரியவில்லை. சிப்பாயின் துப்பாக்கி அவர் மார்பில் குறுக்கே விழுந்தது. பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். சாலா பாடவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை.

அவள் மோவாய் மேலே எழும்பியது. தானாக எழும்பவில்லை, மோவாயின் இரு பக்கமும் சதை குழிந்திருந்தது, யாரோ இடது கையால் பிடித்த மாதிரி. சாலா கண்ணை மூடிக்கொண்டு, சிரித்த முகத்தோடு, நெற்றியைத் தூக்கிக் காட்டினாள். அந்த நெற்றியில், கண்ணாடியில் இல்லை, நெற்றியிலேயே, ஈரமாக மஞ்சள் வட்டம் ஒன்று பரவிக்கொண்டிருந்தது. வைத்து முடித்த பிறகும் விரல் விலகவில்லை.