முன்னங்கால் தூக்கிய ஓநாய்

போன் அலறியது.

காலை ஏழு மணி. மரக்காணம் ரேஞ்சர் ரேணுகா வாயில் பிரஷ்ஷோடு எடுத்தாள்.

"மேடம்... கொலை!"

நுரையைத் துப்பினாள். "யாரு செத்தது?"

"ஓநாய் மேடம்!"

"நம்ம ஊர்ல ஏது ஓநாய்? நரிதானே இருக்குது."

"இருந்துச்சாம் மேடம். ஒண்ணே ஒண்ணு. அதையும் யாரோ விஷம் வச்சுக் கொன்னுட்டாங்களாம்!"

பேசியது ஃபாரஸ்ட் கார்டு சிலம்பரசன். அவன் வைத்ததும் அடுத்த போன். அதற்கடுத்தது. ஜீப்பில் ஏறுவதற்குள் முப்பத்தெட்டு!

போன மாதம் ஈ.சி.ஆர் ரோட்டில் மூன்று நரிகள் கார்களில் அடிபட்டுச் செத்தன. அப்போது ஒரு போன்கூட வரவில்லை.

முப்பத்தொன்பதாவது, மேலதிகாரி.

"பத்து மணிக்கு டிவிக்காரன் வர்றான்மா. அதுக்குள்ள யாரையாவது உள்ள வை!"

"யாரை சார்?"

"அதான் யாரையாவதுன்னு சொன்னேனே!"

உப்பளம் வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது. அதன் நடுவே, யார் கண்ணிலும் படக் கூடாதென்று பச்சையும் பழுப்புமாகப் புள்ளி போட்ட உடையில் ஒருவன் நின்றான். இரண்டு கிலோமீட்டரிலிருந்தே தெரிந்தான்.

கௌதமன். சென்னையிலிருந்து வந்திருக்கும் பிரபல வனவிலங்கு போட்டோகிராபர்.

"மேடம், பாடிய யாரும் தொடக் கூடாது!" என்றான். "ஃபாரன்சிக் வரணும்!"

பாத்தியில் கணுக்கால் அளவு உப்புத் தண்ணீர். அதில் பக்கவாட்டில் கிடந்தது ஓநாய்.

"அஞ்சே முக்காலுக்கு உயிரோட நின்னுச்சு. எடுத்தேன். ஆறரைக்குத் திரும்பி வர்றேன்... செத்துக் கெடக்குது!" குரல் உடைந்தது. போனை நீட்டினான்.

படத்தில் உப்பு அம்பாரத்தின் மேல் ஓநாய். இடது முன்னங்காலைத் தூக்கி, கேமராவையே பார்த்தபடி. கீழே தலைப்பு: 'கடைசிப் பார்வை'. நான்கு லட்சம் லைக்.

"இன்டர்நேஷனல் போட்டி மேடம். இன்னைக்குதான் கடைசி நாள். அனுப்பிட்டேன்."

"செத்ததையும் சொல்லியா?"

"அதையும் சொன்னாதான மேடம் வேல்யூ!"

வரப்பில் ஒருவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். சவரிமுத்து. இந்தப் பாத்தியில் வேலை செய்பவர்.

"இவன்தான் விஷம் வச்சது!" கௌதமன் கை நீட்டினான். "நேத்து என்னையே அடிக்க வந்தான்!"

சவரிமுத்து நிமிர்ந்தார். "ஷூ போட்டுக்கினு பாத்தில எறங்கினாரும்மா. நாங்க சாப்பாட்டு உப்பு எடுக்கற எடம். வெறுங்காலோடதான் எறங்குவோம். ஏறுய்யா வெளியன்னு சொன்னேன். அவ்ளோதான்."

"ஓநாயைக் கொன்னா எவ்ளோ மேடம்?" சிலம்பரசன் மெல்லக் கேட்டான்.

"மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷம்."

சவரிமுத்துவின் மனைவி ஆரோக்கியசெல்வி அதைக் கேட்டாள். அழவில்லை. உப்பு வாரும் பலகையை எடுத்தாள். நேராகப் பாத்தியில் இறங்கினாள்.

"ஏய்! தொடாத!" கௌதமன் கத்தினான்.

"உப்பு பூத்து நிக்குதுங்க. இன்னைக்கு வாரலன்னா நாளைக்குக் கல்லாயிடும். அவரு ஜெயிலுக்குப் போனா, இதையும் விட்டுட்டு நான் எதைத் துன்றது?"

"மேடம், ஸ்டாப் பண்ணுங்க!"

ரேணுகா நிறுத்தவில்லை. அவள் பார்வை போனிலும் பாத்தியிலும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தது.

படத்தில் இடது முன்னங்கால் தூக்கியிருந்தது.

பிணத்திலும் இடது முன்னங்கால் தூக்கியிருந்தது!

"சார்... இது நின்ன மாதிரியே படுத்திருக்கே?"

"அது... வந்து... விறைச்சுப் போச்சு மேடம்..."

ஆரோக்கியசெல்வி குறுக்கே கிடந்ததன் வயிற்றில் பலகையைக் கொடுத்து இழுத்தாள். தலையணை போல மிதந்து வந்தது ஓநாய்.

"அய்ய... என்னாது, கனமே இல்ல!"

இன்னொரு இழுப்பு. ஊறிப்போன தையல் விட்டது.

பொலபொலவென்று வைக்கோல்! கூடவே கசங்கிய பழைய செய்தித்தாள்!

சிலம்பரசன் ஒரு தாளைப் பிரித்தான். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொண்ணு மேடம்!"

"இதுக்கு நான் விஷம் வச்சேனாய்யா?" சவரிமுத்து எழுந்தார். "எங்கப்பனுக்கே அப்ப மீசை மொளைக்கலையே!"

கௌதமன் முகம் உப்பை விட வெளுத்தது.

"பொம்மையைக் காட்டி ஊரை ஏமாத்தியிருக்கீங்க," என்றாள் ரேணுகா. "பொம்மைன்னு எழுதிக் குடுங்க. பொய்ப் புகார் கேஸ் மட்டும்தான். சின்னது."

"பொம்மையா?" கௌதமன் பதறினான். "எழுதிக் குடுத்தா போட்டில இருந்து தூக்கிடுவான் மேடம்! நாலு லட்சம் பேரும் காறித் துப்புவான்!"

"அப்ப என்னாது இது?"

"ஒரிஜினல் ஓநாய்! போட்டிக்கு அது போதும்! எங்க தாத்தா சுட்டது! பாடம் பண்ணி ஹால்ல வச்சிருந்தாரு, கார் டிக்கில தூக்கிட்டு வந்தேன். முடியைத் தொட்டுப் பாருங்க! பல்லைப் பாருங்க! நூறு பர்சென்ட் ஒரிஜினல்!"

"நிச்சயமா?"

"எங்க வேணா எழுதித் தர்றேன்!"

எழுதினான். தேதி போட்டான். கையெழுத்தும் போட்டான். கீழே தன் இன்ஸ்டாகிராம் பெயரையும் சேர்த்தான்.

ரேணுகா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அதை வீட்ல வச்சிருக்க ஓனர்ஷிப் சர்ட்டிபிகேட் இருக்கா?"

"அதுக்கெல்லாமா சர்ட்டிபிகேட்?"

"செத்த ஓநாயா இருந்தாலும் சர்ட்டிபிகேட் இல்லாம வச்சிருந்தா குத்தம் சார். மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷம்."

கௌதமன் அவள் பையை நோக்கிக் கை நீட்டினான்.

"மேடம்... அது பொம்மைதான் மேடம்..."

"இப்பதான் பல்லைப் பாருன்னீங்க. சிலம்பரசா, சாரை வண்டில ஏத்து. ஷூவைக் கழட்டச் சொல்லு. பாத்தி வழியாதான் போகணும்."

தூரத்து வரப்பில் நிஜ நரி ஒன்று நின்று பார்த்தது. ஒருவரும் படமெடுக்கவில்லை. அது நிம்மதியாகப் புதருக்குள் போனது.

ஜீப்பின் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் கௌதமன். கண்கள் கெஞ்சின. பத்து மணி டிவிக்குக் கொடுக்க, போனைத் தூக்கிக் கிளிக்கினான் சிலம்பரசன்.

"மேடம், இதுக்கு என்னா தலைப்பு போடறது?"

உப்பை வாரிக்கொண்டே ஆரோக்கியசெல்வி சொன்னாள்.

"அதையும் அவருதான் போட்டு வச்சிட்டாரே... 'கடைசிப் பார்வை'!"