அம்மா ரிவர்ஸ் எடுக்கிறாள்

ஒயர் ஒரு முழம் பத்தவில்லை.

அம்மா இழுத்துப் பார்த்தாள். நானும் சேர்ந்து இழுத்தேன். அது என்ன ரப்பரா, இழுத்தால் நீளுவதற்கு?

எங்கள் மின்சாரக் காருக்கு ஒயரைச் செருகும் இடம் பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிறது. சார்ஜ் போடும் இயந்திரமோ காரின் மூக்குக்கு நேராக நிற்கிறது.

"இப்படி நிறுத்தினா எட்டாதும்மா. திருப்பி, ரிவர்ஸ்ல உள்ள வாங்க," என்றார் எங்களுக்கு அடுத்துக் காத்திருந்த டாக்சிக்கார மாமா.

ரிவர்ஸ் என்றதுமே அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

அது அத்தையின் கார். மாற்றலாகி வெளியூர் போகும்போது எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அத்தை வீட்டில் வாசலிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. ஜன்னல் வழியாக ஒயரைத் தொங்கவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன். ஒருவரும் மதிக்கவில்லை. அதனால் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் இந்தப் பொது சார்ஜிங் நிலையம்தான் எங்களுக்குக் கதி. இங்கே இருப்பதே இரண்டு இயந்திரங்கள். அதிலும் ஒன்றில் 'பழுது' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.

நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து நடக்க வைப்பதுதான் அம்மாவின் வேலை. தம்பி பிறந்தபோது அதை விட்டாள். இப்போது மறுபடியும் வேலை கிடைத்திருக்கிறது. நாளையிலிருந்து வீடு வீடாகப் போகவேண்டும். அதற்குக் கார் ஓட்டியே ஆகவேண்டும்.

"இன்னைக்கு நானே தனியா போய் சார்ஜ் போட்டுட்டு வந்துட்டா, வேலைக்குப் போறேன். இல்லைன்னா வேண்டாம்னு சொல்லிடறேன்," என்று கிளம்பும்போதே அம்மா சொல்லியிருந்தாள். தனியாக என்றால் என்னோடு. நான் கணக்கிலேயே இல்லையாம்!

அம்மா காரை வெளியே எடுத்துத் திருப்பினாள். மெதுவாகப் பின்னால் வர ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான், எங்கிருந்துதான் வந்தார்களோ!

"லெஃப்ட்ல ஒடிங்க, லெஃப்ட்ல!" என்றார் டாக்சிக்கார மாமா.

"ஐயையோ, ரைட்டு, ரைட்டு!" என்று கத்தினார் கையில் ஐஸ்கிரீமோடு நின்ற ஓர் அக்கா.

"வரட்டும்... வரட்டும்... வரட்டும்... நிறுத்து!" என்று காரின் முதுகில் படாரென்று தட்டினார் கடைக் காவலர்.

கார் கோணலாக நின்றது. மறுபடி முன்னால் போய், மறுபடி பின்னால் வந்தாள். இந்தத் தடவை இன்னும் கோணல்.

காவலர் ஜன்னலருகே குனிந்தார். அவர் நல்லவர்தான். "கஷ்டப்படாதீங்கம்மா. சாவியக் கொடுங்க, நான் போட்டுத் தர்றேன். ஒரு நிமிஷ வேலை."

அம்மாவின் கை சாவியிடம் போனது.

சாவியைக் கொடுத்தால் கார் உள்ளே போய்விடும். சார்ஜும் ஏறிவிடும். ஆனால் அம்மா வேலைக்குப் போகமாட்டாள்.

"கொடுக்காதம்மா!" என்றேன்.

"எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்கடி."

"மைதானத்துல கத்துக்கும்போது ரெண்டு ட்ரம்முக்கு நடுவுல எவ்வளவு அழகா நுழைச்ச! நான் பின்சீட்லதானே இருந்தேன்?"

"ட்ரம் எதுவும் பேசாதுல்லடி," என்றாள் அம்மா.

அட, ஆமாம்! நான் கதவைத் திறந்து இறங்கினேன்.

"நீங்க எல்லாரும் நல்லாதான் சொல்லித் தர்றீங்க," என்றேன். "ஆனா எங்கம்மாவுக்கு ரெண்டு காதுதான் இருக்கு. நீங்க மூணு பேர் இருக்கீங்க."

ஐஸ்கிரீம் அக்கா களுக்கென்று சிரித்தார்.

"கொஞ்ச நேரம் ட்ரம் மாதிரி இருக்கீங்களா? ப்ளீஸ்!"

"ட்ரம்மா? யாரைச் சொல்றே?" காவலர் அவசரமாகத் தன் தொப்பையைப் பார்த்துக்கொண்டார்.

"ஐயோ, உங்களை மட்டும் சொல்லலை! யாரும் பேசக் கூடாது. பார்க்கவும் கூடாது. அந்தச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிக்கணும்."

டாக்சிக்கார மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "சரி பாப்பா. நானும் ஒரு காலத்துல கத்துக்கிட்டவன்தான்," என்று முதல் ஆளாகத் திரும்பினார்.

வீட்டுப்பாடம் எழுதாதவர்களைப் போல மூன்று பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

"அம்மா, யாரும் பார்க்கலை. நானும் பார்க்கலை," என்று சொல்லிவிட்டு நானும் போய் அவர்களோடு நின்றுகொண்டேன்.

பீப்... பீப்... பீப்... கார் பின்னால் வரும் சத்தம் கேட்டது. திடீரென்று நின்றது. முன்னால் போனது. மறுபடியும் பீப்... பீப்...

திரும்பிப் பார்க்கவேண்டும் என்று கழுத்தெல்லாம் அரித்தது. அக்காவின் ஐஸ்கிரீம் உருகிக் கையில் வழிந்தது. அவர் அதை நக்கக்கூட மறந்து நின்றார்.

"பாப்பா, திரும்பலாமா?" என்று காவலர் கிசுகிசுத்தார்.

"உஷ்!"

பீப் சத்தம் நின்றது. கதவு திறந்தது. ஒயரைத் தரையில் இழுக்கும் சரசரப்பு. பிறகு, 'டக்!'

நாங்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் கார் நேராக நின்றது. ஒயர் செருகியிருந்தது. இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. காவலர்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

சார்ஜ் ஏறும்போது அம்மா வேலை கொடுத்தவர்களுக்குப் போன் செய்தாள். "நாளைக்கு வந்துடறேன். ஆமா, கார்லதான்," என்றாள். அந்தக் 'கார்லதான்' கொஞ்சம் சத்தமாகவே இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சார்ஜ் ஏறி முடிந்ததும், டாக்சிக்கார மாமாவுக்கு இடம்விட்டுக் கிளம்பினோம். ஆனால் அம்மா வாசலுக்குப் போகவில்லை. எதிரே கார் நிறுத்தும் இடங்கள் வரிசையாகக் காலியாக இருந்தன. காரைத் திருப்பி முதல் இடத்தில் பின்பக்கமாக நுழைத்தாள்.

"எதையாவது மறந்துட்டியாம்மா?"

"இல்லடி, சும்மா."

வெளியே எடுத்தாள். அடுத்த இடத்தில் நுழைத்தாள். அப்புறம் அதற்கும் அடுத்த இடத்தில்.

"அம்மா, பசிக்குது! வீட்டுக்குப் போகலாம்!"

"இரு இரு," என்றாள் அம்மா. "இன்னும் ஒண்ணே ஒண்ணு!"