மூன்றாம் அங்கத்துத் தூண்

இந்தக் காலத்து ஆட்களை மேடைத் தச்சன் எர்மெஸ் கிழவனுக்குப் பிடிப்பதே இல்லை. ஓபரா மேடையில் நின்ற மர மாளிகையை உடைத்து விறகாக்குவார்கள். அதை வரைந்த காகிதத்துக்குக் கண்ணாடி போட்டு, விளக்கு வைத்துக் கும்பிடுவார்கள்!

அந்தக் காகிதத்துக்குக் கீழேதான் இப்போது ஒரு பிணம் கிடந்தது.

அர்ரீகோ! பார்மா நகரத்தில் அவரைவிட அதிகமாய் ஓவியம் வாங்கிக் குவித்தவர் கிடையாது. பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ரத்தக்கறையோடு ஒரு வெண்கலக் குதிரை.

"நேத்து சாயங்காலம் இவர் கடைசியா போன் பண்ணது உங்களுக்குத்தான் பெரியவரே!" இன்ஸ்பெக்டர் லவீனியா கறாராகச் சொன்னாள்.

"போன் வந்தா கொலைகாரனா? அனோலினி சூப்பை வாயில வைக்கறதுக்குள்ள இழுத்துட்டு வந்துட்டீங்க..."

"வேற யாரும்மா செஞ்சிருப்பாங்க?" சோபாவிலிருந்து ஒரு குரல்.

ஃபுல்வியோ! கழுத்தில் பட்டுத்துணி, கண்ணில் ஈரம். ஓபரா மேடைகளை வடிவமைத்த மேதை. சுவரில் தொங்குவது அந்த மாளிகைக்கு அவன் வரைந்த படம். செய்தி கேட்டு ஓடி வந்தானாம்.

"நாப்பது வருஷமா இவனுக்கு என்மேல பொறாமை. ஊருக்கே தெரியும்! என் படத்தைக் கிழிக்க வந்திருப்பான்... அர்ரீகோ தடுத்திருப்பார்..."

பொறாமை...! அது மட்டும் பொய்யில்லை. மரம் அறுத்தது எர்மெஸ். ஆணி அடித்தது எர்மெஸ். கைதட்டலும் பூச்செண்டும் ஃபுல்வியோவுக்கு! நினைத்தால் இப்போதும் வயிறு எரிந்தது.

"கையை நீட்டுங்க." லவீனியாவின் கையில் விலங்கு.

"இரும்மா! அவரு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. பழைய போட்டோ ஒண்ணு கிடைச்சுதாம். மூணாவது அங்கத்துப் படிக்கட்டு. ஆனா கீழ தூணைக் காணோம், அதை எப்ப வெச்சீங்கன்னாரு. கடைசி ஒத்திகை அன்னிக்குன்னேன். பாடகியம்மா ஏறினதும் படி ஆடிப்போச்சு! மூலையில கிடந்த தூணைத் தூக்கி முட்டுக் கொடுத்தேன். சிரிச்சாரு... போனை வெச்சிட்டாரு."

சொல்லிக்கொண்டே படத்தை நெருங்கினான். கண்ணை இடுக்கினான்.

மாளிகை... படிக்கட்டு... அதன் கீழே...

தூண்!

"ஏம்ப்பா ஃபுல்வியோ, இதை எப்ப வரைஞ்ச?"

"மேடை கட்டறதுக்கு மூணு மாசம் முன்னாடி! தேதி போட்டிருக்கேன்ல, முட்டாளே!"

"கடைசி ஒத்திகையில நான் வெச்ச தூணு மூணு மாசம் முன்னாடியே உன் கண்ணுக்கு எப்படிப்பா தெரிஞ்சுது? ஜோசியமா?"

ஃபுல்வியோவின் முகம் வெளுத்தது.

"அசல்... தொலைஞ்சு போச்சு... போன வருஷம்தான் நாடகத்துப் போட்டோவைப் பார்த்து வரைஞ்சு வித்தேன்..."

"அர்ரீகோ கண்டுபிடிச்சிட்டார். மாட்டிக்குவோம்னு பயந்து அடிச்சிட்டீங்க!" என்றாள் லவீனியா.

"பயமா...?" ஃபுல்வியோ அலறினான். "ராத்திரி நான் வந்தப்ப அவன் சிரிச்சான்! 'உன் படத்துல உருப்படியா இருக்கறது அந்தத் தச்சனோட தூண் ஒண்ணுதான்'னான்! நாடகம் நடந்தப்பவே பேப்பர்லயும் அந்தத் தூணைத்தானே புகழ்ந்தாங்க! நாப்பது வருஷமா இவனைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு எரியுதும்மா!"

எர்மெஸ் பேப்பர் படிக்கிறவன் இல்லை. படத்திலிருந்த தூணை இன்னொரு முறை பார்த்தான்.

விலங்கு ஃபுல்வியோவின் கைக்கு மாறியது!

"சந்தோஷமா பெரியவரே? மேதையே உங்கமேல பொறாமைப்பட்டிருக்கார்!"

எர்மெஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான். சூப் ஆறியிருக்கும்.

"நான் நம்பலம்மா! அந்தப் பொறாமையும் என்கிட்டேருந்து காப்பியடிச்சதாத்தான் இருக்கும்!"